நெல்லையில் சாப்ட்வேர் வேலை, சம்பளம், வீட்டுச் செலவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை துரைப்பாக்கத்தில் ஆறு வருடம் டெவலப்பராக இருந்துவிட்டு 2020 ஊரடங்கில் பாளையங்கோட்டைக்கு வந்தவள் நான். அப்புறம் திரும்பிப் போகவில்லை. இப்போதும் வெளியூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். கல்லூரி முடித்த தம்பி தங்கைகள், சொந்தக்காரர்கள், ஊருக்கு வந்துவிடலாமா என்று யோசிக்கிற பழைய சகாக்கள் என்று ஆள் மாறினாலும் கேட்கிற கேள்வி மாறுவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டிருக்கிறேன். இதில் வரும் சம்பளமும் வாடகையும் என் வீட்டிலும், எனக்குப் பழக்கமான பத்துப் பதினைந்து வீடுகளிலும் பார்த்த தொகைகள்.

அக்கா, நம்ம ஊர்ப்பக்கம் டெவலப்பர் வேலை நெசமாவே இருக்கா?

இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். வண்ணார்பேட்டை, பெருமாள்புரம், மகாராஜநகர் பக்கம் ஐந்து பேர், இருபது பேர் வைத்து நடத்தும் சின்னக் கம்பெனிகள் உண்டு. வெப்சைட், பில்லிங் சாப்ட்வேர், பள்ளிக்கூடங்களுக்கான ஆப், வெளிநாட்டுக் கடைகளுக்கான ஆன்லைன் ஸ்டோர் இதெல்லாம் செய்வார்கள். மதுரை ரோட்டில் கங்கைகொண்டானில் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ சாப்ட்வேர் கம்பெனி பல வருடமாக இருக்கிறது. தூத்துக்குடி மீளவிட்டானில் 2024 டிசம்பரில் டைடல் நியோ என்ற சின்ன ஐடி பூங்காவைத் திறந்தார்கள்.

இன்னொரு வகை என்னைப் போன்றவர்கள். கம்பெனி சென்னையிலோ பெங்களூருவிலோ வெளிநாட்டிலோ இருக்கும், நாற்காலி மட்டும் பாளையில். என் தெருவில் மட்டும் இப்படி நாலு வீடு இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு மாடி ஜன்னலில் விளக்கு எரிவதை வைத்துத்தான் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தோம்.

எவ்வளவு சம்பளம் குடுக்காங்க? ஒரு நம்பர் சொல்லுங்க.

ஒரு நம்பர் சொன்னால் தப்பாகிவிடும். உள்ளூர்ச் சின்னக் கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவருக்கு மாதம் 10,000 முதல் 18,000 வரை. மூன்று நாலு வருட அனுபவம் இருந்தால் 25,000, நன்றாகச் செய்கிறவருக்கு 35,000. அதற்கு மேல் உள்ளூரில் வாங்குகிறவர்கள் எனக்குத் தெரிந்து குறைவு. சென்னையின் பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் புதியவர்களுக்கு வருடத்துக்கு மூன்று முதல் நாலு லட்சம். நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் அதே மூன்று சொச்சம்தான். இத்தனை வருடத்தில் அரிசி விலை ஏறியது, இது ஏறவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வெளியூர் கம்பெனிக்கு இங்கிருந்து வேலை பார்க்கிறவர்களின் சம்பளத்துக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லை. பக்கத்துப் பக்கத்து வீட்டில் 20,000 வாங்குகிறவரும் ஒன்றரை லட்சம் வாங்குகிறவரும் இருக்கிறார்கள். "நெல்லையில் டெவலப்பருக்கு இவ்வளவு" என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால், எந்தக் கம்பெனி, யாருக்கு வேலை செய்கிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆஃபர் லெட்டர்ல ஆறு லட்சம்னு போட்டிருக்கு. அப்ப மாசம் அம்பதாயிரம் கையில வரும்லா?

வராது. போன மாதம் ஒரு தங்கை இதே கேள்வியோடு வந்தாள். சமையலறை மேடையில் காகிதத்தை விரித்துக் கணக்குப் போட்டோம். சிடிசி, அதாவது கம்பெனி வருடத்துக்கு உங்களுக்காகச் செய்கிற மொத்தச் செலவு, 6 லட்சம் என்றால் மாதம் 50,000. அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, 25,000. கம்பெனி கட்டுகிற பிஎஃப் 12 சதவீதம், அதாவது 3,000. அதையும் உங்கள் 50,000-க்குள்தான் சேர்த்திருப்பார்கள். கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், சுமார் 1,200. இரண்டும் போனால் 45,800. அதில் உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 3,000 பிடிப்பார்கள். தொழில்வரி அரையாண்டுக்கு ஒருமுறை, மாதத்துக்குப் பார்த்தால் 200 ரூபாய் சொச்சம். கையில் வருவது 42,500 மாதிரி.

வருமான வரிக்குப் பயப்பட வேண்டாம். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி கிடையாது. பிஎஃப் பணம் எங்கும் போய்விடவில்லை, உங்கள் கணக்கில்தான் சேர்கிறது. ஆனால் மாத வாடகைக்கு அது உதவாது. ஆஃபர் லெட்டரில் "வேரியபிள் பே" (வேலையைப் பொறுத்துக் கூடலாம் குறையலாம் என்கிற பகுதி) என்று ஒரு தொகை இருந்தால் அதையும் கழித்துவிட்டுப் பாருங்கள். வந்தால் வரட்டும்.

சென்னையில நாப்பத்திரெண்டாயிரம் பெருசா, வீட்ல இருந்து முப்பத்தஞ்சு பெருசா?

முந்தின பதிலில் வந்த 42,500-ஐயே எடுத்துக்கொள்வோம். சென்னையில் தனியாள். சாப்பாட்டோடு ஹாஸ்டல் 9,000. டீ, வெளிச்சாப்பாடு 4,000. போக்குவரத்து 2,500. ஊருக்கு வந்து போவதை மாதத்துக்குப் பிரித்தால் 2,000. போன், துணிமணி, சினிமா எல்லாம் சேர்த்து 3,500. மொத்தம் 21,000, மிச்சம் 21,500.

வீட்டில் இருந்தால் வீட்டுக்கு 8,000 கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். கொடுக்க வேண்டும், அம்மா வேண்டாம் என்றாலும். பெட்ரோல் 2,000, மற்றது 3,500. மொத்தம் 13,500. கையில் 35,000 வந்தால் இங்கேயும் மிச்சம் அதே 21,500. ஆக தனியாளுக்கு நெல்லை தருகிற லாபம் மாதம் 7,500 ரூபாய். அதற்குமேல் சம்பளம் குறைந்தால் நஷ்டம். 20,000 ரூபாய் உள்ளூர் வேலையில் சேர்ந்துவிட்டு, "ஊர் மலிவு, அதனால் சரியாப் போச்சு" என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறேன்.

குடும்பத்தோட வந்தா எவ்வளவு ஆகும் மதினி? வாடகை எப்படி?

குடும்பம் என்றால் வித்தியாசம் பெரிது. துரைப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு நாங்கள் 18,000 வாடகை, 2,500 பராமரிப்பு கொடுத்தோம். 2019 கோடையில் தண்ணீர் லாரிக்கும் தனியாகப் பங்கு போட்டோம். ராத்திரி இரண்டு மணிக்கு லாரி சத்தம் கேட்டு எழுந்து மோட்டார் போட்ட நாட்கள் இன்னும் நினைவிருக்கிறது. இங்கே மகாராஜநகர், கேடிசி நகர், என்ஜிஓ காலனி பக்கம் அதே அளவு வீடு 10,000 முதல் 15,000 வரை கிடைக்கிறது. குழாயைத் திறந்தால் தாமிரபரணித் தண்ணீர்.

நானும் என் கணவரும் ஒரு பையனும் இருக்கிற எங்கள் வீட்டுக்கு, வாடகை 12,000, மளிகை, பால், காய்கறி, மீன் 13,000, பள்ளிக்கூடம் 5,000, கரண்ட், கேஸ், நெட், போன் 4,500, பெட்ரோல் 3,000, மருந்தும் விசேஷமும் 5,000 என்று மாதம் 42,500 ஆகிறது. இன்னொன்று, ஒத்தி. மாத வாடகை இல்லாமல் ஒரு பெரிய தொகையைக் கொடுத்து இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு முழுத் தொகையையும் திரும்ப வாங்குவது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வீட்டுக்காரர் அந்தப் பணத்தை மகள் கல்யாணத்துக்கோ கடனுக்கோ செலவழித்திருப்பார். திரும்பக் கேட்கிற அன்று அடுத்த ஒத்திக்காரர் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். எழுத்தில் இல்லாமல் ஒத்திக்குப் போகாதீர்கள்.

ஊர்ல எல்லாமே மலிவுதானே?

வாடகை, காய்கறி, வேலைக்கு ஆள் வைப்பது, ஆட்டோ செலவு, இவை மலிவு. லேப்டாப், போன், ஏசி, பெட்ரோல், தங்கம், கார் தவணை இவையெல்லாம் எங்கே இருந்தாலும் ஏறக்குறைய ஒரே விலைதான். சம்பளத்தில் பாதி தவணைக்குப் போகிறவருக்கு ஊர் மாறுவதால் பெரிய மிச்சம் இல்லை.

கூடுகிற செலவும் ஒன்று உண்டு, மொய். சென்னையில் இருந்தபோது கல்யாணப் பத்திரிகை போனில் வரும், யூபிஐ-யில் 500 அனுப்பினால் முடிந்தது. இங்கே வீட்டுக்கு வந்து வெற்றிலைபாக்கோடு கூப்பிடுவார்கள், குடும்பத்தோடு போக வேண்டும். கல்யாணம், சடங்கு, பால்காய்ப்பு, அப்புறம் ஊர்க் கோயில் கொடைக்கு வரி. என் கணக்கு நோட்டில் ஒரு வைகாசி மாதம் மட்டும் ஒன்பது விசேஷம், 7,500 ரூபாய். நாலாவது பதிலில் தனியாளுக்கு நெல்லை தருகிற லாபம் என்றேனே, அதே தொகை. அதைச் செலவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் பையன் அந்த ஒன்பது வீட்டிலும் யார் மாமா, யார் சித்தப்பா என்று தெரிந்துகொண்டான். ஆனால் பட்ஜெட்டில் அதற்கென்று ஒரு தொகை வேண்டும்.

கரண்ட், நெட் எல்லாம் தாங்குமா?

பொதுவாகத் தாங்கும். ஃபைபர் இணைப்பு பாளையில் எல்லாப் பக்கமும் வந்துவிட்டது. இரண்டு கம்பெனி இணைப்பு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று சின்ன பிளானாக இருந்தாலும் போதும். மாதத்தில் ஒருநாள் துணைமின் நிலையப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மின்தடை இருக்கும். ஏரியா பெயர் முந்தின நாளே பேப்பரில் வரும். 150 ஏஎச் பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருந்தால் லேப்டாப்பும் ரவுட்டரும் ஒரு ஃபேனும் மாலை வரை ஓடிவிடும்.

கரண்ட் பில்லில் ஒரு கண் வேண்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் 101-ஆவது யூனிட்டிலிருந்தே கூடுதல் விலைப் பட்டியலுக்குப் போய்விடும். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் சித்திரை வெயிலில் பகலெல்லாம் ஏசி போடுவோம், சுலபமாகத் தாண்டும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. இங்கே ஆற்றங்கரைப் பகுதிகளில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது, கரண்ட் போனது, செல்போன் டவர் போனது. மேனேஜருக்கு ஒரு வரி அனுப்பக்கூட வழியில்லாமல் இரண்டு நாள் இருந்தேன். அதன்பிறகு எங்கள் டீமில் ஒரு ஏற்பாடு செய்தோம். மழை எச்சரிக்கை வந்தவுடன் என் வேலையை எல்லாம் ரெப்பாசிட்டரியில் (டீம் மொத்தமும் புரோகிராம்களைச் சேமித்து வைக்கிற இடம்) ஏற்றிவிட்டு, வெளியூரில் இருக்கிற ஒருவர் பெயரில் மாற்றிவிடுவேன்.

ஊருக்குப் போனா சம்பளத்தைக் குறைப்போம்னு கம்பெனி சொல்லுது. ஒத்துக்கிடலாமா?

முதலில், எதற்காகக் குறைக்கிறார்கள் என்று கேளுங்கள். நீங்கள் எழுதுகிற புரோகிராம் துரைப்பாக்கத்தில் எழுதினாலும் கேடிசி நகரில் எழுதினாலும் கம்பெனி வாடிக்கையாளரிடம் வாங்குகிற தொகை ஒன்றுதான். அலுவலக இடம், வண்டி, கேன்டீன் அவர்களுக்கு மிச்சம். நாற்காலி, கரண்ட், இன்வெர்ட்டர் உங்கள் செலவு. இதை மரியாதையாக, எழுத்தில் சொல்லுங்கள். நான் சொன்னேன், 15 சதவீதம் குறைப்பதாக இருந்தவர்கள் குறைக்காமல் விட்டார்கள். எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது.

குறைத்துத்தான் ஆவோம் என்றால் மேலே போட்ட கணக்கை உங்கள் தொகைகளை வைத்துப் போடுங்கள். குடும்பஸ்தராக இருந்தால் பத்து சதவீதக் குறைப்பு வாடகையிலேயே ஈடாகலாம். ஆனால் அடுத்த வருட உயர்வும், அடுத்த கம்பெனி கேட்கிற "இப்போது என்ன வாங்குகிறீர்கள்" என்ற கேள்வியும் அந்தக் குறைந்த தொகையிலிருந்துதான் தொடங்கும். பழைய வரிமுறையில் இருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். வீட்டு வாடகைப் படி விலக்குக்குச் சென்னையில் அடிப்படைச் சம்பளத்தின் 50 சதவீதம் வரை எடுக்கிறார்கள், நெல்லையில் 40. புதிய முறையில் அந்த விலக்கே இல்லை.

படிச்சு முடிச்ச கையோட ஊர்லயே சேரட்டுமா அக்கா?

என் கருத்தைக் கேட்டால், முதல் இரண்டு மூன்று வருடம் வெளியே போய் வாருங்கள். பணத்துக்காகச் சொல்லவில்லை. பெரிய டீமில் உட்கார்ந்தால் நீங்கள் எழுதிய புரோகிராமை நாலு பேர் படித்துக் குறை சொல்வார்கள். ராத்திரி சர்வர் விழுந்தால் மூத்தவர் எப்படிப் பதறாமல் தேடுகிறார் என்று பக்கத்தில் இருந்து பார்க்கலாம். இதை வீடியோ மீட்டிங்கில் கற்றுக்கொள்வது கடினம்.

வீட்டு நிலைமையால் போக முடியாதவர்கள் நிறையப் பேர். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தம்பி படிக்கிறான் என்பார்கள். அவர்களுக்குச் சொல்வது: உள்ளூர்க் கம்பெனியில் சேரும் முன் அங்கே உங்களைவிட அனுபவம் உள்ள ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் 15,000-க்கும் சேரலாம், ஒன்றரை வருடம் மனதில் எல்லை வைத்துக்கொண்டு. இல்லையென்றால் 20,000 கொடுத்தாலும் யோசியுங்கள்.

ஏம்மா, ஒரு லட்சம் கட்டுனா டிரெயினிங் குடுத்து வேலையும் தாரோம்ங்காவ. கட்டலாமா?

கட்டாதீர்கள் பெரியப்பா. இதைக் கேட்டவர் கையில் நகைக்கடன் ரசீது இருந்தது. கம்பெனி வேலை கொடுத்தால் அது உங்களுக்குப் பணம் தர வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு மூன்று மாதம் பயிற்சி, அப்புறம் ஆறு மாதம் சம்பளமில்லாத "புராஜெக்ட்", அதன்பின் ஆளைக் கழற்றிவிடுவது என்று இரண்டு பிள்ளைகளுக்கு நடந்ததை எனக்கு நேரில் தெரியும். பயிற்சி வேண்டுமானால் பயிற்சி நிலையம் என்று சொல்லி நடத்துகிற இடத்தில், கட்டணத்துக்கு ரசீது வாங்கிச் சேருங்கள். வேலை என்ற பேச்சை அதோடு சேர்க்க வேண்டாம்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தருவதுதான் முறை. பிடித்து வைத்தால் உங்களை அங்கேயே பிடித்து வைப்பதாகத்தான் அர்த்தம்.

மாசத்துல நாலு நாள் ஆபீஸ் வரச் சொல்லுதாங்க. நெல்லையில இருந்து முடியுமா?

நாலு நாளும் சேர்ந்தாற்போல என்றால் முடியும், வாரத்துக்கு ஒருநாள் என்றால் உடம்பு தாங்காது. சென்னை 650 கிலோமீட்டர் பக்கம். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத்தும் ஓடுகிறது, சுமார் எட்டு மணி நேரம், ஆனால் பகல் போய்விடும். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. தேதியை முன்கூட்டியே கம்பெனியிடம் வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் ஆம்னி பஸ் கட்டணத்தில் சம்பளம் கரையும்.

வெளிநாட்டு கிளையண்ட், டாலர்ல வருது. வரி எப்படிக் கட்ட?

சம்பளக்காரராக இல்லாமல் தனியாளாக வாங்கினால் நீங்கள் தொழில்முறையாளர். அனுமான வருமான முறை என்று ஒன்று உண்டு, அதில் செலவுக் கணக்கு காட்டாமலே, வந்த தொகையில் பாதியை வருமானமாகக் காட்டலாம். வருட வரவு 50 லட்சம் வரை இது பொருந்தும், ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை. முன்வரியை (அட்வான்ஸ் டாக்ஸ்) மார்ச் 15-க்குள் கட்ட வேண்டும். வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். சேவை ஏற்றுமதி என்பதால், வருடாவருடம் எல்யுடி என்ற உறுதிப் பத்திரம் போட்டுவிட்டால் ஜிஎஸ்டி சுழியம். ஒருமுறை நல்ல ஆடிட்டரைப் பாருங்கள்.

தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். பிஎஃப், கிராஜுவிட்டி, சம்பளத்தோடு விடுப்பு, மருத்துவக் காப்பீடு எதுவும் இதில் இல்லை. சம்பள வேலையைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக வந்தால்தான் சமம் என்று நான் கணக்கு வைக்கிறேன்.

வீட்ல இருந்து வேலை பாக்கேன்னா சும்மா இருக்கேன்னு நினைக்காவ. என்ன செய்ய?

இதைக் கேட்கிறவர்களில் பெரும்பாலும் பெண்கள். எனக்கும் முதல் வருடம் அதுதான் பெரிய கஷ்டம். கேஸ் சிலிண்டர் வந்தால் நான், விருந்தாளி வந்தால் நான், மாமாவுக்கு ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குத் துணை போவது நான். "கம்ப்யூட்டர்தானே, அப்புறம் பாரு" என்பார்கள். பகலில் விட்ட வேலையை ராத்திரி பன்னிரண்டு வரை செய்தேன். நவம்பர் முதல் வாரத்தில் அமெரிக்காவில் கடிகாரத்தைப் பின்னால் வைப்பார்கள், எட்டரை மீட்டிங் ஒன்பதரை ஆகிவிடும். சாப்பாட்டு நேரமும் பையன் தூங்குகிற நேரமும் அதில் போனது.

மாறியது எப்படி என்றால், மாடியில் ஒரு அறையை எடுத்துக்கொண்டேன். காலை பத்து மணிக்குப் படியேறினால் ஒரு மணிக்குச் சாப்பிட இறங்குவேன், இடையில் இல்லை. என் சம்பளச் சீட்டை மாமியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவர்கள் ஓய்வுபெற்ற டீச்சர், ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார்கள். மறுநாள் வாசலில் வந்தவரிடம், "மருமகள் ஆபீஸ்ல இருக்கா, ஒரு மணிக்கு வாங்க" என்று சொல்வது மாடிவரை கேட்டது.

மிச்சம் பிடிச்ச காசுல ரெண்டு மூணு சென்ட் இடம் வாங்கிப் போடலாமா?

வாங்கலாம், அவசரப்பட வேண்டாம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. விலைக்கு மேல் முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் போகும், அதைக் கணக்கில் வையுங்கள். டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அனுமதி, பட்டா, தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று நான்கையும் வக்கீல் பார்த்த பிறகுதான் முன்பணம். ஐடி வேலை என்று தெரிந்தால் சென்டுக்கு ஐம்பதாயிரம் கூட்டிச் சொல்கிறவர்களும் உண்டு, விலை பேச வீட்டுப் பெரியவர்களை அனுப்புங்கள்.

இடத்தைப் பார்க்கப் போவது ஐப்பசி கார்த்திகை மழையில் இருக்கட்டும். புரோக்கர் வைகாசியில் கூட்டிப் போவார், தரை காய்ந்து வெடித்திருக்கும். பக்கத்து டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, 2023-இல் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். சுவரில் கையை வைத்துக் காட்டுவார்கள்.